உஷார்! கேம் நடுவில் கம்ப்யூட்டர் அணைந்தால் மறுபடி பட்டனை அமுக்காதீர்கள்

கேம் ஆடிக்கொண்டிருக்கும்போது கம்ப்யூட்டர் பொட்டென்று அணைந்துபோகிறதா? சின்ன கேம் ஓடுகிறது, யூடியூப் ஓடுகிறது, காலேஜ் வேலையெல்லாம் நடக்கிறது. பெரிய கேமைத் திறந்து கொஞ்ச நேரத்தில் மட்டும் மொத்தமும் இருட்டாகிறதா? அப்படியானால் இதைப் படித்து முடிக்கும்வரை அந்தப் பவர் பட்டனில் கை வைக்காதீர்கள். வட சென்னையில் ராயபுரத்தில் தொடங்கி காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எர்ணாவூர் வழியாக எண்ணூர் வரை கடலோரம் குடியிருக்கும் எல்லோருக்கும் சொல்கிறேன். ஆடுகிற பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, தவணை கட்டி அந்த மெஷினை வாங்கிக்கொடுத்த அப்பா அம்மாவுக்கும்தான்.

சர்வீஸ் கடைக்கு வரும் பிள்ளைகள் ஏறக்குறைய எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள்: “அண்ணே, கேம் ஓப்பன் பண்ணா கொஞ்ச நேரத்துல சிஸ்டம் ஆஃப் ஆயிடுது. திரும்ப போட்டா வருது, திரும்ப ஆஃப் ஆயிடுது. கிராபிக்ஸ் கார்டு போயிடுச்சாண்ணே?” கார்டு போயிருக்கலாம். ஆனால் நம் பகுதியில் அதைக் கடைசியாகத்தான் சந்தேகப்பட வேண்டும். ரிச்சி தெருவுக்கு ஓடி, கடன் வாங்கிப் புதுக் கார்டு போட்ட பிறகும் அதே இடத்தில் அதே இருட்டு வந்தால் என்ன செய்வீர்கள்? கோளாறு சுவர் பிளக்கில் இருக்கலாம், எர்த்தில் இருக்கலாம், கேபினட்டுக்குள் எல்லா உதிரிக்கும் பவர் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ்ஸில் இருக்கலாம், போர்டில் படிந்த உப்பில் இருக்கலாம். அதனால் சுவரிலிருந்து தொடங்கிப் பெட்டிக்குள் வாருங்கள். பெட்டிக்குள்ளிருந்து தொடங்கினால் பணம் போவது ஒரு பக்கம், உயிருக்கு ஆபத்தானது சுவரிலேயே தங்கிவிடுவது இன்னொரு பக்கம்.

பெரிய கேமில் மட்டும் ஏன்?

சும்மா இருக்கிற கம்ப்யூட்டர் 60, 80 வாட்தான் எடுக்கும். பெரிய கேமைத் திறந்த நொடியில் கணக்கு மாறிவிடும். ஆர்.டி.எக்ஸ். 3060 கார்டு மட்டும் 170 வாட் இழுக்கும். 4070 என்றால் 200, 3090 என்றால் 350, 4090 என்றால் 450 வாட். இதோடு பிராசஸர் தன் பங்குக்கு 100 முதல் 250 வாட் வரை கேட்கும். இது சராசரிக் கணக்கு. கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவான நேரத்துக்கு, கார்டு தன் அளவை மீறித் துள்ளுவதும் உண்டு. இந்தத் துள்ளலைத் தாங்கத்தான் 2022-ல் ஏ.டி.எக்ஸ். 3.0 என்ற புது விதி வந்தது. தன் அளவைப்போல இரண்டு மடங்கு வரை 100 மைக்ரோ வினாடி தாங்க வேண்டும் என்று அது எஸ்.எம்.பி.எஸ்ஸுக்குச் சொல்கிறது. அதற்கு முன் வந்த சாதாரண எஸ்.எம்.பி.எஸ்ஸிடம், கேபினட்டோடு சேர்த்து மலிவாகக் கொடுத்த பெட்டியிடம், அந்தத் தாங்குதிறனை எதிர்பார்க்க முடியாது.

நல்ல எஸ்.எம்.பி.எஸ்ஸுக்குள் காவல் சர்க்யூட்டுகள் இருக்கின்றன. கரண்ட் எல்லை மீறினால், 12 வோல்ட் லைன் அளவுக்குக் கீழே விழுந்தால், சூடு ஏறினால், எங்காவது ஷார்ட் ஆனால், அது தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். நீங்கள் பார்த்த இருட்டு பல நேரங்களில் அந்தக் காவல் வேலை செய்ததற்கு அடையாளம். நடுக்கடலில் இன்ஜின் நின்றால் காசிமேட்டுக்காரர் கயிறை இழுத்துக்கொண்டே இருக்க மாட்டார், மூடியைத் திறந்து டீசல் வருகிறதா, தண்ணி ஏறியிருக்கிறதா என்றுதான் பார்ப்பார். நீங்களும் அதையே செய்யுங்கள். திரும்பத் திரும்பப் பட்டனை அமுக்கினால், ஏற்கெனவே உருகத் தொடங்கிய பிளக்கையோ, கசியத் தொடங்கிய கெப்பாசிட்டரையோ ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் கெடுக்கிறீர்கள்.

முதல் சந்தேகம் சுவர்மேல்

கேம் நடுவில் அணைந்ததும் சுவர் ஸ்விட்சை ஆஃப் செய்யுங்கள். பிறகு பிளக்கின் பிளாஸ்டிக் பகுதியைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பைத் தாண்டிச் சுடுகிறதா? பிளக்கை மெதுவாக உருவி மூன்று முள்ளையும் வெளிச்சத்தில் பாருங்கள். பித்தளை முள்ளின் அடியில் பழுப்பாகவோ நீலம்பாய்ந்தோ வளையம் தெரிந்தால், சாக்கெட் ஓட்டையின் விளிம்பு மஞ்சளாகி லேசாக உள்வாங்கியிருந்தால், பழைய மீன்வாடை மாதிரி ஒரு பிளாஸ்டிக் நாற்றம் வந்தால், விஷயம் முடிந்தது. உள்ளே பிடிப்பு தளர்ந்து தீப்பொறி பறந்துகொண்டிருக்கிறது. அந்தச் சாக்கெட்டை மாற்றும்வரை அதில் எதையும் செருகக் கூடாது.

லோ வோல்ட்டேஜ் இதை இன்னும் மோசமாக்கும். 500 வாட் லோடு 230 வோல்ட்டில் சுமார் 2.2 ஆம்பியர் எடுக்கும். வோல்ட்டேஜ் 170-க்கு விழுந்தால் அதே லோடு சுமார் 2.9 ஆம்பியர் இழுக்கும், ஏனென்றால் எஸ்.எம்.பி.எஸ். தனக்கு வேண்டிய வாட்டை எப்படியும் எடுத்தே தீரும். இணைப்புகளில் உண்டாகும் சூடு கரண்ட்டின் வர்க்கத்தில் ஏறுவதால் ஏறக்குறைய 1.8 மடங்காகிவிடும். ஒரே ஜங்ஷன் பாக்ஸில் கம்ப்யூட்டர், மானிட்டர், இரண்டு செல்போன் சார்ஜர், அயர்ன் பாக்ஸ் எல்லாம் தொங்கினால் எது முதலில் எரியும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். கேமிங் மெஷினுக்கு நேரடிச் சுவர் சாக்கெட் வேண்டும். ஜங்ஷன் பாக்ஸிலிருந்து இன்னொரு ஜங்ஷன் பாக்ஸ் எடுப்பது கூடவே கூடாது.

ஒரு நோட்டை எடுத்து, மெஷின் அணையும் ஒவ்வொரு முறையும் நேரத்தையும், அப்போது வீட்டில் வேறு என்ன ஓடியது என்பதையும் எழுதுங்கள். மாடித் தொட்டிக்கு மோட்டார் போட்ட நேரம், பக்கத்து வீட்டு ஏ.சி. தொடங்கிய நேரம், தெருவில் எல்லோரும் வேலைவிட்டு வந்து லைட் போடும் நேரம் என்று ஒத்துப்போனால் குற்றவாளி வோல்ட்டேஜ்தான். இதைவிட எளிய சோதனையும் உண்டு. கேபினட்டை அப்படியே தூக்கிப்போய், ஒயரிங் நன்றாக இருக்கும் சொந்தக்காரர் வீட்டிலோ நம்பகமான கடையிலோ அதே கேமை ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். அங்கே அணையவில்லை என்றால் கார்டுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாமல் உண்மை தெரிந்துவிடும்.

யு.பி.எஸ். வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு உஷார். வீடுகளில் சாதாரணமாக இருக்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ். சுமார் 360 வாட்தான் தரும். ஆபீஸ் வேலைக்கு அது போதும். 450 வாட் எடுக்கும் கேமுக்கு அது கீச்கீச்சென்று கத்திவிட்டு மொத்தத்தையும் நிறுத்திவிடும். பேட்டரி இரண்டு, மூன்று வருஷம் ஆனதென்றால் அதற்கும் முன்னாலேயே நிறுத்தும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் போட்டாலும் இதே கதைதான். பவர் ஃபேக்டரைத் திருத்தும் பி.எஃப்.சி. சர்க்யூட் உள்ள இன்றைய எஸ்.எம்.பி.எஸ்ஸுகள் சில அந்த அலையை ஏற்காமல், கரண்ட் மாறும் நொடியில் அணைந்துபோகும். யு.பி.எஸ்ஸைக் கழற்றிவிட்டு நேரடியாக ஓட்டிப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

கேபினட்டைத் தொட்டால் சுள்ளென்கிறதா?

இந்தப் பகுதியை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள்.

கேபினட்டின் இரும்பைத் தொட்டால் கையில் சுறுசுறுவென்று ஓடுகிறது, டெஸ்டரை வைத்தால் லைட் எரிகிறது, காலில் செருப்பு இருந்தால் தெரிவதில்லை. “கம்ப்யூட்டர்னா அப்படித்தான் லைட்டா அடிக்கும்” என்று பழகிப்போனவர்கள் நம் தெருக்களில் நிறையப் பேர். அப்படிப் பழகக் கூடாது. அது உங்கள் சாக்கெட்டில் எர்த் இல்லை என்பதன் அடையாளம்.

எஸ்.எம்.பி.எஸ்ஸுக்குள் கரண்ட் நுழையும் வாசலில், லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் இரும்புப் பெட்டிக்கு ஒவ்வொரு சின்னக் கெப்பாசிட்டர் இருக்கும். இரைச்சலை எர்த் வழியாக வெளியே தள்ளுவதற்காக வைத்தது. எர்த் ஒயர் இல்லாவிட்டால் கேபினட் முழுவதும் ஏறக்குறைய பாதி மெயின் வோல்ட்டேஜில், 115 வோல்ட் அளவில் நிற்கும். அதில் ஓடும் கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுறுசுறுப்போடு தப்பிக்கிறீர்கள். ஆனால் உப்பும் ஈரமும் சேர்ந்து உள்ளே ஒரு இன்சுலேஷன் விட்டுப்போனால் 230 வோல்ட் முழுதாகக் கேபினட்டுக்கு வரும். எர்த் இருந்தால் அந்த நொடியில் மெயின் போர்டின் எம்.சி.பி. ஸ்விட்ச் விழுந்திருக்கும். எர்த் இல்லாததால் எதுவும் விழாது. வெறுங்காலோடு ஈரச் சிமெண்ட் தரையில் நிற்கும் பிள்ளை கேபினட்டைத் தொடும்போது, அவன் உடம்புதான் எர்த் ஒயர்.

பழைய வீடுகளிலும் லைன் வீடுகளிலும் மூன்று ஓட்டை சாக்கெட் இருக்கும், பின்னால் இரண்டு ஒயர்தான் வந்திருக்கும். சில இடங்களில் எர்த் குழி எப்போதோ போட்டது, உப்பு மண்ணில் ஜி.ஐ. பைப்பும் கிளாம்பும் துருப்பிடித்து அறுந்திருக்கும். கண்ணால் பார்த்து இதைச் சொல்ல முடியாது. லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே கரண்ட்டைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. போடச் சொல்லுங்கள். அதிலுள்ள டெஸ்ட் பட்டனை மாதத்துக்கு ஒரு தடவை அமுக்கிப் பாருங்கள். கேம் நடுவில் ஆர்.சி.சி.பி. விழுந்தால் “இது சும்மா சும்மா விழுது” என்று அதைச் சுற்றி ஒயர் போட்டு விலக்கிவிடுபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அந்தக் காரியத்தைச் செய்யாதீர்கள்.

எர்த் சரியாக இல்லாத வீட்டில், கேபிள் கனெக்‌ஷன் மாட்டிய டி.வி.யில் எச்.டி.எம்.ஐ. ஒயரைச் செருகும்போது தீப்பொறி பறக்கலாம். இரண்டு பெட்டிக்கும் இடையிலுள்ள வோல்ட்டேஜ் வித்தியாசம் அந்த ஒயர் வழியாகவே பாய்ந்து கார்டின் போர்ட்டைச் சுட்டுவிடும். இரண்டின் கரண்ட்டையும் துண்டித்துவிட்டு ஒயரை மாட்டுங்கள்.

இன்னும் ஒன்று. லைட் திடீரென்று பளிச்சென்று எரிந்து, ஃபேன் வேகமெடுத்தால் கேமை சேவ் செய்ய உட்காராதீர்கள், ஓடிப்போய் மெயினை இறக்குங்கள். த்ரீ பேஸ் லைனில் நியூட்ரல் விட்டுப்போனால் சில வீடுகளுக்கு 230-க்குப் பதில் 400 வோல்ட்டுக்கு அருகில்கூட வரும். எஸ்.எம்.பி.எஸ். வடிவமைக்கப்பட்டது 240 வோல்ட்டுக்கும் அதற்குச் சற்று மேலேயும்தான். லோ வோல்ட்டேஜோ நியூட்ரல் கோளாறோ, மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குப் போன் போட்டுப் புகாரைப் பதிவு செய்யுங்கள். ஒரு வீடு சொல்வதைவிட ஒரு தெருவே சேர்ந்து சொன்னால் வேலை சீக்கிரம் நடக்கும்.

கடல் காற்றும் சாம்பலும்

சுவர் சரியாக இருக்கிறது என்றால் அடுத்து நம் ஊர்க் காற்று. வேறு ஊரில் எழுதிய எந்தக் குறிப்பிலும் இது இருக்காது.

கிழக்கிலிருந்து வீசும் கொண்டல் காற்றில் வரும் உப்பு கடலிலிருந்து சில நூறு மீட்டருக்குள் மிக அதிகமாகப் படியும். உப்புக்கு ஒரு குணம்: காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது தானாகவே தண்ணீரை உறிஞ்சிக் கரைந்துவிடும். சென்னைக் கடற்கரையில் அந்த ஈரப்பதம் அபூர்வம் அல்ல, விடிகாலையில் சர்வசாதாரணம். அப்படிக் கரைந்த உப்புப் படலம் கரண்ட்டைக் கடத்தும். மதர்போர்டில் மயிரிழை இடைவெளியில் ஓடும் செம்புக் கோடுகளுக்கு நடுவே அது படிந்தால் என்ன ஆகும்? பகலில் ஒழுங்காக ஓடும் மெஷின் மழைநாள் ராத்திரியில் மட்டும் காரணமில்லாமல் தொங்கும்.

இதோடு சாம்பல். எண்ணூரில் நிலக்கரிக்காகவே தொடங்கிய துறைமுகம் 2001-ல் இயங்க ஆரம்பித்தது. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாளக் கூடாது என்று 2011-ல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு ராயபுரத்து மாடிகளில் கரித்தூசி குறைந்தது, அந்தச் சரக்கு வடக்கே போனது. வட சென்னை அனல் மின் நிலையமும் வல்லூரின் 1,500 மெகாவாட் நிலையமும் எண்ணூரைச் சுற்றித்தான் இருக்கின்றன. மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை. நிலக்கரியும் எண்ணெயும் எரியும் இடத்தில் கந்தக வாயு இருக்கும். அது செம்பையும் வெள்ளியையும் கருக்கவைக்கும். சர்வர் அறைகளுக்கு ஒரு சர்வதேச அளவுகோல் உண்டு: செம்புத் தகட்டை ஒரு மாதம் தொங்கவிட்டால் அதில் படியும் அரிப்பு 300 ஆங்ஸ்ட்ராமுக்குள் இருக்க வேண்டும், அப்போதுதான் காற்று பாதுகாப்பானது. உங்கள் வீட்டில் துலக்கிவைத்த செம்புச் சொம்பு எத்தனை நாளில் கருக்கிறது என்று பாருங்கள். உள்ளே இருக்கும் போர்டும் அதே காற்றைத்தான் வாங்குகிறது.

கரண்ட்டைத் துண்டித்து, கேபினட்டின் பக்கக் கதவைக் கழற்றி டார்ச் அடியுங்கள். முதலில் பின்பக்கம், ஒயர்கள் மாட்டும் இரும்புத் தகட்டைப் பாருங்கள். வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தால் உப்பு. போர்டைத் தாங்கும் பித்தளைத் திருகுகளின் கழுத்தில் பச்சை படிந்திருந்தால் அரிப்பு. கார்டின் இரும்புப் பட்டையில் செம்பழுப்புப் புள்ளிகள் தெரிந்தால் துரு. ஹீட்சிங்க் இடுக்கில் விரலால் தேய்த்தால் மாவாக நொறுங்கும் வீட்டுத் தூசி வேறு, பிசுபிசுவென்று ஒட்டிக் கருப்பாகத் தடம் விடும் நம் ஊர்த் தூசி வேறு. அந்தப் பிசுபிசுப்பு ஈரத்தை விடாமல் பிடித்துவைக்கும்.

ரேமை உருவி, பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து மாட்டினால் சரியாகிவிடும் என்பது எல்லா மெக்கானிக்கும் செய்யும் வைத்தியம். சில வாரம் ஓடும். ஒவ்வொரு தேய்ப்பிலும் அந்த முனையில் பூசிய மெல்லிய தங்கப் பூச்சு தேய்ந்துகொண்டே போகும். ரப்பர் போட்டால் மெஷின் உயிர் பெறுகிறது என்றால் உங்கள் மெஷினில் அரிப்பு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். தேய்ப்பதை நிறுத்திவிட்டு, மெல்லிய பிரஷ்ஷும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் வைத்து முறையாகச் சுத்தம் செய்பவரிடம் கொடுங்கள். புளோயர் தூசியைத்தான் அகற்றும், உப்பை அகற்றாது. துரு போகட்டும் என்று எண்ணெய் ஸ்பிரே அடிக்காதீர்கள், அடுத்த வாரத் தூசி முழுவதும் அதில் ஒட்டிக்கொள்ளும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எர்ணாவூர், எண்ணூர் பக்கம் எண்ணெய் கலந்த வெள்ளம் வீடுகளுக்குள்ளேயே வந்தது. அந்தத் தண்ணீர் தொட்ட எஸ்.எம்.பி.எஸ்ஸைக் காயவைத்து இன்னும் ஓட்டிக்கொண்டிருந்தால் இன்றைக்கே தூக்கிப் போடுங்கள். செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் திருகுகளின் துருவையும் போர்டின் ஓரத்தில் தண்ணீர்க் கோட்டையும் பார்க்காமல் காசை எடுக்காதீர்கள். கிராபிக்ஸ் கார்டை வைத்து எத்தீரியம் காயின் வெட்டும் மைனிங் 2022 செப்டம்பரில் நின்றுபோன பிறகு, ராப்பகலாக ஓடிய மைனிங் கார்டுகளும் பழைய சந்தைக்கு வந்தன. பெரிய கேமை அரை மணி நேரம் ஓட்டிக் காட்டாத கார்டுக்குப் பணம் கொடுக்கக் கூடாது.

எப்படி அணைகிறது என்று கவனியுங்கள்

“கிராஷ் ஆகுது” என்று பொதுவாகச் சொன்னால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அணையும் விதம் ஒவ்வொன்றும் வேறு வேறு இடத்தைக் காட்டும்.

மொத்தமும் கரண்ட் போனதுபோல் அணைந்தாலோ, தானாகவே ரீஸ்டார்ட் ஆனாலோ, சுவர், யு.பி.எஸ்., எஸ்.எம்.பி.எஸ். என்ற வரிசையில் சந்தேகப்படுங்கள். விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 என்று சிவப்பில் இருக்கும். அதைத் திறந்து பக்செக் கோடு 0 என்று இருந்தால், விண்டோஸுக்கே தெரியாமல் கரண்ட் போயிருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். 

திரை மட்டும் கருப்பாகி, கார்டு ஃபேன் கத்த, பின்னணிப் பாட்டு தொடர்ந்தால் கார்டுக்குப் போகும் பவர் ஒயரையும் கார்டையும் பாருங்கள். 2022 அக்டோபரிலிருந்து 4090 கார்டுகளின் 16 முள் பிளக் உருகிய படங்கள் உலகம் முழுவதும் வந்தன. முழுதாக உள்ளே செருகாத பிளக் முக்கியக் காரணங்களில் ஒன்று. “டக்” என்று உட்காரும்வரை தள்ளுங்கள், பிளக்கை ஒட்டியே ஒயரை மடக்காதீர்கள். ஒரு ஒயரிலிருந்து இரண்டாகப் பிரியும் தலைகளைப் பெரிய கார்டுக்கு மாட்டாமல், தனித்தனி ஒயரே கொடுங்கள்.

புளூ ஸ்கிரீன் வந்தால் அழித்துவிடாமல் செல்போனில் படம் எடுங்கள். மெமரி மேனேஜ்மென்ட் என்றால் முதலில் ரேம். வீடியோ டி.டி.ஆர். என்றால் டிரைவர் அல்லது கார்டு. வீயா (WHEA) என்று தொடங்கினால் பிராசஸரும் அதன் வோல்ட்டேஜும். பயாஸில் ரேம் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்.எம்.பி., ஓவர் கிளாக் எதையாவது போட்டிருந்தால் எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். ஒரு ராத்திரி மெம்டெஸ்ட் என்ற ரேம் சோதனையை ஓட்டி ஒரே ஒரு தப்பு வந்தாலும் ரேமை மாற்றுங்கள்.

சூடு என்றால் அது பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் வரும். பிராசஸர் 95, 100 டிகிரியைத் தொட்டதும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், கேம் திக்கித் திணறும், அதையும் தாண்டினால்தான் அணையும். திணறலே இல்லாமல் பொட்டென்று போனால் சூட்டைவிடக் கரண்ட்டையே முதலில் சந்தேகப்படுங்கள்.

கேம் மட்டும் மூடிக்கொண்டால்

விண்டோஸ் அப்படியே இருக்க, கேம் மட்டும் வெளியே தள்ளினால் அதற்கு உலகமே பார்த்த ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்களில், அன்ரியல் இன்ஜினில் செய்த கேம்களைத் திறந்தால் “வீடியோ மெமரி போதவில்லை” என்று பிழை வந்து மூடிக்கொண்டது. பலர் கார்டைத்தான் சந்தேகப்பட்டார்கள். கார்டில் கோளாறே இல்லை. பிராசஸர் தேவைக்கு மேல் வோல்ட்டேஜ் கேட்டுக்கேட்டுத் தன்னையே தேய்த்துக்கொண்டது என்று 2024 ஜூலையில் இன்டெலே ஒப்புக்கொண்டது. ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் பயாஸ் வழியாகத் திருத்தங்கள் வந்தன. வாரன்ட்டியையும் இரண்டு வருஷம் கூட்டி ஐந்தாக்கியது.

இதில் இரண்டு உஷார் இருக்கிறது. அந்தத் திருத்தம் மேலும் கெடாமல் தடுக்கும், கெட்டுப்போன பிராசஸரைச் சரிசெய்யாது. ஐ7, ஐ9 வகைகளோ, 13600கே, 14600கே போன்ற ஐ5-களோ வைத்திருந்தால் முதலில் பயாஸை அப்டேட் செய்யுங்கள். யு.பி.எஸ். இல்லாமல், வோல்ட்டேஜ் ஆடும் வீட்டில் அதைச் செய்யாதீர்கள், நடுவில் கரண்ட் போனால் போர்டே போய்விடும். அப்டேட் செய்தும் கேம் மூடிக்கொண்டால் வாரன்ட்டியில் மாற்றிக் கேளுங்கள். இரண்டாவது, பெட்டியோடு விற்ற பிராசஸருக்குத்தான் இன்டெலிடமே நேரடியாக வாரன்ட்டி கேட்க முடியும். பெட்டி இல்லாமல் ட்ரேயில் வரும் பிராசஸர் விலை குறைவு என்று வாங்கியிருந்தால், விற்ற கடையிடம்தான் கேட்க வேண்டும். வரிசை எண் போட்ட ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் எந்த உதிரியையும் வாங்காதீர்கள்.

இன்று ராத்திரிக்கு முன்

மெஷினை ஜன்னலோரத்திலிருந்து உள்ளே நகர்த்துங்கள். தரையிலிருந்து தூக்கி மேஜைமேல் வையுங்கள். ஓடும்போது துணி போட்டு மூடாதீர்கள், அணைத்து ஆறிய பிறகு மூடுங்கள். மழைக்காலத்தில் பல நாள் கழித்துப் போட்டால், கேமைத் திறக்கும் முன் அரை மணி நேரம் சும்மா ஓடவிட்டு ஈரம் காயட்டும். எஸ்.எம்.பி.எஸ். வாங்கும்போது கார்டும் பிராசஸரும் சேர்ந்து எடுப்பதைக் கூட்டிப் பார்த்து, அதற்கு மேல் தாராளமாக இடம் விட்டு, பெயர் சொல்லும் கம்பெனியில் வாங்குங்கள். கார்டில் மிச்சம் பிடித்தாலும் எஸ்.எம்.பி.எஸ்ஸில் மிச்சம் பிடிக்காதீர்கள். அந்தப் பெட்டியை வீட்டில் யாரும் திறக்கவும் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம்.

கருகல் நாற்றம் வந்தாலும், கேபினட்டில் ஷாக் அடித்தாலும், எம்.சி.பி.யோ ஆர்.சி.சி.பி.யோ விழுந்தாலும், பிளக் பழுப்பேறியிருந்தாலும் இன்னொரு தடவை போட்டுப் பார்ப்பது என்ற பேச்சே வேண்டாம். டவுன்லோடு ஓடட்டும் என்று அந்த மெஷினை ராத்திரி முழுக்க ஆனில் விட்டு, அதே அறையில் பிள்ளைகளைத் தூங்கவைக்கவும் வேண்டாம்.

பெற்றவர்களிடம் ஒரு வார்த்தை. “எப்பப் பாரு கேமு” என்ற கோபத்தில் “கெட்டுப்போனா போகட்டும்” என்று விட்டுவிடாதீர்கள். பிள்ளை சொல்வது கேம் பிரச்சனை மாதிரி கேட்கும், ஆனால் அவன் சொல்வது உங்கள் வீட்டு ஒயரிங்கைப் பற்றி. அதே சுவரில்தான் மிக்சியும் கிரைண்டரும் வாஷிங் மெஷினும் ஓடுகின்றன, அதே எர்த் இல்லாத சாக்கெட்டைத்தான் ஈரக் கையோடு நீங்களும் தொடுகிறீர்கள். அவற்றில் தெரியாமல் இருந்த கோளாறை இந்த மெஷின் முதலில் காட்டிக்கொடுத்திருக்கிறது. நாளைக் காலையில் கார்டு விலை விசாரிக்கும் முன் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அவர் வந்து எர்த்தை அளந்து, சாக்கெட்டை மாற்றி, “சரி” என்று சொன்ன பிறகு அந்தப் பட்டனை அமுக்குங்கள்.